புதுக் காரின் கண்ணாடியில் படியும் மங்கல்: அரை நூற்றாண்டு விடைகள்

புதுக் கார் டெலிவரி எடுத்துச் சில வாரங்கள் ஆனதும் முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய மங்கல் ஒன்று படியத் தொடங்குகிறது. பகலில் பெரும்பாலும் கண்ணில் படாது. இரவில் எதிர் வண்டியின் விளக்கொளி பட்டதும் அது பரந்து, கண்ணை மறைக்கும் வெண்மையாக விரியும். ஈரத் துணியால் துடைத்தால் போகாது. துணி போன வழியெல்லாம் கோடு விழும். ஒருவழியாகத் துடைத்து முடித்தாலும் பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வந்து நிற்கும்.

இது என்ன, எங்கிருந்து வருகிறது, எத்தனை காலம் வரும், உடம்புக்குக் கெடுதலா என்ற கேள்விகளுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. கார் நிறுவனங்களின் பொருளியல் ஆய்வுக்கூடங்கள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. காற்றின் தூய்மையை ஆராய்பவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். வண்டி கழுவும் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. சிக்கல் என்னவென்றால், மூவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. முதலாமவர் பொருளை எடைபோடுகிறார், இரண்டாமவர் காற்றை அளக்கிறார், மூன்றாமவர் துணியைப் பார்க்கிறார். பொதுவெளியில் இந்த மூன்று விடைகளும் ஒன்றோடொன்று கலந்து, "புது வண்டி வாசம் போனால் கண்ணாடியும் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில் முடிந்திருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

பாதுகாப்புச் சட்டங்களின் பக்கவிளைவு

பழைய கார்களில் டேஷ்போர்டு என்பது பெரும்பாலும் வர்ணம் பூசிய இரும்புத் தகடு. ஆவியாகிக் கிளம்ப அதில் அதிகம் ஒன்றும் இல்லை. 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலைபார்த்த வால்டோ செமன், விறைப்பான பிவிசியோடு எண்ணெய் போன்ற திரவங்களைச் சேர்த்து அதை வளையும் பொருளாக்க வழி கண்டார். அத்தகைய திரவங்களுக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். நாம் ரெக்சின் என்று வழங்கும் பொருளின் மென்மை அதிலிருந்துதான் வருகிறது. மென்மையான பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை பிளாஸ்டிசைசராக இருப்பது சாதாரணம். அது பிவிசியோடு ரசாயனப் பிணைப்புக் கொள்வதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. தங்கியிருப்பது கிளம்பவும் கூடும்.

இந்தப் பொருள் காருக்குள் பெருமளவில் நுழைந்ததற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல. விபத்தில் தலை மோதினால் காயம் குறைய வேண்டும் என்பதற்காக, உட்புறப் பரப்புகள் மோதலின் விசையைத் தாங்கி உள்வாங்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தகட்டின் மேல் ஃபோமும் அதன் மேல் ரெக்சின் தோலும் வழக்கமாகின. 1972-இல் வந்த இன்னொரு விதி, உட்புறப் பொருள்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் வேகமாக எரியக் கூடாது என்றது. அதற்கு ஈடுகொடுக்க ஃபோமில் தீத்தடுப்பு ரசாயனங்கள் சேர்ந்தன. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் காற்றெதிர்ப்பைக் குறைக்க முன்கண்ணாடி மேலும் மேலும் சாய்ந்தது. அதற்கடியில் டேஷ்போர்டு நீண்டு, நேர் வெயிலில் காயும் அகன்ற மேடையானது. ஏசி பரவியதும் கதவுக் கண்ணாடிகள் மூடியே கிடந்தன. தனித்தனியே பார்த்தால் எல்லாமே நியாயமான முடிவுகள். சேர்த்துப் பார்த்தால், ஆவி விடும் பொருள்களைச் சூடாக்கி, அடைத்து வைத்து, மேலே ஒரு பெரிய கண்ணாடியைக் கவிழ்த்ததுபோல் ஆயிற்று.

இதிலிருந்து பிறந்த மிகப் பழைய விடை, "குற்றவாளி பிவிசிதான்" என்பது. பாதி சரி. பிவிசியே இல்லாத டேஷ்போர்டு கொண்ட கார்களிலும் கண்ணாடி மங்குகிறது என்பதை இந்த விடை விளக்குவதில்லை. இருக்கை ஃபோம் செய்யும்போது சேர்க்கும் அமீன் வினையூக்கிகள், ஃபோமின் துளைகளைச் சீராக்கும் சிலிகோன் சேர்மங்கள், ரப்பரில் உள்ள கொழுப்பு அமிலங்கள், அச்சிலிருந்து பாகத்தை எளிதில் கழற்றத் தடவும் மெழுகும் எண்ணெயும், பிளாஸ்டிக் கெடாமல் காக்கும் ஆக்சிஜன் எதிர்ப்பிகள், கம்பளத்துக்கடியில் உள்ள பசை என்று பட்டியல் நீளும். அசல் தோல் இருக்கையும் விலக்கல்ல. பதனிடும்போது தோலை மிருதுவாக்க ஊட்டும் கொழுப்பெண்ணெய்கள் ஆவிப்படலத்துக்கு நன்கறிந்த மூலங்கள். விலை உயர்ந்த வண்டியில் இந்தத் தொல்லை இராது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

விண்கலங்களின் சன்னல்கள்

இதே சிக்கல் கார்களுக்கு வெளியே, யாரும் அலட்சியப்படுத்த முடியாத ஓரிடத்தில் தலைகாட்டியது. 1968 டிசம்பரில் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 8 கலத்தின் ஐந்து சன்னல்களில் மூன்று மங்கிப்போயின. சன்னல் விளிம்பை அடைக்கப் பயன்படுத்திய சிலிகோன் பசையிலிருந்து கிளம்பிய ஆவி கண்ணாடியில் படிந்ததே காரணம். அதற்கு முந்தைய ஜெமினி பயணங்களிலும் சன்னல் படிவு தொல்லை தந்திருந்தது. இந்த அனுபவங்களிலிருந்து வளர்ந்த சோதனைமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, 25 டிகிரியில் உள்ள தகட்டில் எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார்கள். பொருளின் எடையில் 0.10 சதவீதத்துக்கு மேல் படிந்தால் அது பொதுவாக விண்கலத்துக்கு ஆகாது.

இது காட்டும் உண்மை எளியது. மொத்தம் எவ்வளவு ஆவியாகிறது என்பது வேறு; அதில் எவ்வளவு குளிர்ந்த பரப்பில் படிகிறது என்பது வேறு. விண்வெளிப் பொறியாளர்கள் இரண்டையும் தனித்தனி எண்களாக வைத்தார்கள். கார் உலகம் இந்தத் தெளிவை எப்போதும் காப்பாற்றவில்லை.

சூடாக்கு, குளிரவை, எடைபோடு

கார் தொழிலின் அதிகாரபூர்வ விடை ஜெர்மனியில் உருவானது. டிஐஎன் 75201 என்ற தரநிர்ணயமும், அதை ஒட்டிய அமெரிக்க, சர்வதேச முறைகளும் அடிப்படையில் ஒன்றே. இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் நீர் கோப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. டேஷ்போர்டுப் பொருளின் ஒரு துண்டைக் கண்ணாடிக் குவளையில் இட்டு 100 டிகிரியில் சூடாக்குகிறார்கள். வாயை மூடும் தகட்டை 21 டிகிரியில் குளிர்வாக வைக்கிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து அந்தக் கண்ணாடித் தகட்டின் பளபளப்பு எவ்வளவு குறைந்தது என்று ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பது ஒரு முறை. கண்ணாடிக்குப் பதில் அலுமினியத் தாளை வைத்து, 16 மணி நேரம் சூடாக்கி, படிந்ததை மில்லிகிராமில் எடைபோடுவது இன்னொரு முறை.

இரண்டும் ஒரே பொருளுக்கு ஒரே தீர்ப்பைத் தரும் என்று எதிர்பார்ப்போம். எப்போதும் தருவதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. படிந்த பொருள் கண்ணாடியில் சீராகப் பரவி நின்றால், எடை கூடியிருந்தாலும் ஒளி தடையின்றிப் போகும். பளபளப்புச் சோதனையில் பொருள் தேறிவிடும். படிந்தது நுண்துளிகளாகவோ படிகங்களாகவோ திரண்டால், எடை மிகக் குறைவாக இருந்தாலும் ஒளியைச் சிதறடிக்கும். ஓட்டுநருக்குத் தேவை முதல் எண்ணா இரண்டாவதா? இரவில் கண்ணைக் கூசச் செய்வது எடையல்ல, சிதறல். ஆனாலும் மில்லிகிராம் கணக்கு கையாளச் சுலபம், திரும்பத் திரும்பச் செய்யும்போது ஓரளவு ஒத்த முடிவு தரும் என்பதால் அதற்குச் செல்வாக்கு அதிகம். அளக்க எளிதானதை அளப்பது எந்தத் தொழிலிலும் புதிதல்ல.

ஜெர்மன் கார்த் தொழில் சங்கத்தின் விடிஏ 278 முறை மேலும் நுணுக்கமானது. பொருளின் மிகச் சிறிய துண்டை முதலில் 90 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, இலகுவில் கிளம்பும் சேர்மங்களை ஓர் எண்ணாகத் தொகுக்கிறார்கள். பிறகு அதே துண்டை 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, கனமான சேர்மங்களை 'ஃபாக்' மதிப்பு என்ற இரண்டாவது எண்ணாகத் தருகிறார்கள். எந்தெந்தச் சேர்மம் என்பதையும் பிரித்தறியலாம். கண்ணாடியில் என்ன சேரக்கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இப்போதுள்ள வழிகளில் இதையே வலுவானதாகக் கொள்ளலாம். ஆனால் இங்கே கண்ணாடி என்ற ஒன்றே இல்லை. கிளம்புவதை அளக்கிறார்கள், படிவதை ஊகிக்கிறார்கள்.

இந்தச் சோதனைகளால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. பழைய டிஇஎச்பி பிளாஸ்டிசைசரின் இடத்துக்கு அதைவிடப் பெரிய மூலக்கூறு கொண்ட டிஐஎன்பி, டிஐடிபி போன்றவை வந்தன. வெயில் கடுமையாகத் தாக்கும் பாகங்களுக்கு இன்னும் கனமான டிரைமெலிட்டேட்டுகள் வந்தன. ஃபோமுக்குள்ளேயே வேதிவினையில் சேர்ந்து தங்கிவிடும் அமீன்கள் உருவாயின. ஒரு தலைமுறைக்கு முந்தைய வண்டியோடு ஒப்பிட்டால் படலம் குறைந்திருக்கும் என்று நம்ப இடமுண்டு. இருந்தும், ஒவ்வொரு பாகமும் தனியே தேறினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே கண்ணாடியின் மேல் ஆவி விடுகின்றன என்ற கேள்விக்குக் குவளைச் சோதனையில் விடை இல்லை.

குளிர்ந்து படிகிறதா, ஒட்டிப் படிகிறதா?

குவளைச் சோதனைக்குப் பின்னால் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. சூடான பொருளிலிருந்து ஆவி எழும், குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் திரவமாகும் என்பதே அது. காருக்கு இது பொருந்தித்தான் வருகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியைத் தொட்டது; உட்காற்று 47 டிகிரி. நிழலில் நின்றவற்றில் டேஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது. மாலையில் முதலில் குளிர்வது மெல்லிய கண்ணாடிதான். அடியில் தடித்த டேஷ்போர்டு இன்னும் சூடாகவே இருக்கும். ஆவி எங்கே போய் இறங்கும் என்பதில் ஐயமில்லை.

காற்றாய்வாளர்கள் சொல்வது வேறு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மிரியம் டயமண்டும் சகாக்களும் 2000 தொடங்கி நகரத்துச் சன்னல் கண்ணாடிகளைத் துடைத்தெடுத்து ஆராய்ந்தார்கள். உள்ளும் புறமும் கண்ணாடியில் கரிமப் படலம் இருந்தது. அதில் தீத்தடுப்பு ரசாயனங்கள் உள்பட வீட்டில் புழங்கும் பலதும் தெரிந்தன. வீட்டுச் சன்னலுக்கடியில் 69 டிகிரி டேஷ்போர்டு கிடையாது. சார்லஸ் வெஷ்லரும் வில்லியம் நசரோஃபும் 2017-இல் தந்த விளக்கப்படி, எளிதில் ஆவியாகாத சேர்மங்கள் காற்றைவிடப் பரப்புகளையே விரும்புகின்றன. காற்றில் அவை மிகச் சொற்பமாக இருந்தாலும், தொடும் பரப்பிலெல்லாம் ஒட்டி, நானோமீட்டர் கணக்கில் படலத்தை வளர்த்துக்கொண்டே போகும். இதற்குக் கண்ணாடி குளிர்ந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

காரில் எது நடக்கிறது? இரண்டும் நடக்கிறது என்பதே நியாயமான விடை. வெயில் காய்ந்து ஆறும் ஒவ்வொரு நாளும் முதல் வகைப் படிவு திடுமெனக் கூடுகிறது; இரண்டாவது வகை இரவு பகலாக மெதுவாக நடக்கிறது. ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. முதல் விளக்கம் மட்டும் உண்மையென்றால் நிழலில் நிறுத்தினால் போதும். இரண்டாவதும் உண்மையென்றால், நிழலில் நின்றாலும் படலம் வரும். வேகம் மட்டும் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. டிஇஎச்பி போன்ற சேர்மங்களின் ஆவியழுத்தம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் மூன்று, நான்கு மடங்கு ஏறுகிறது. டேஷ்போர்டு 69-லிருந்து 48 டிகிரிக்கு இறங்கினால் ஆவி கிளம்பும் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரியும். வெயில் மறைப்பு அட்டைக்கு இதைவிட நல்ல சிபாரிசு தேவையில்லை.

வாசம் போன பிறகும்

இப்போது அந்தப் பொதுநம்பிக்கைக்கு வருவோம். உட்காற்று ஆய்வில் கரிமச் சேர்மங்களைக் கொதிநிலையை வைத்துப் பிரிப்பது வழக்கம். பென்சீன் 80 டிகிரியிலும் டொலுவீன் 111 டிகிரியிலும் கொதிக்கும். மூக்குக்கு எட்டும் புது வண்டி வாசம் பெரும்பாலும் இத்தகைய இலகு சேர்மங்களின் கலவை. கண்ணாடியில் தங்கும் சேர்மங்களோ ஏறத்தாழ 250 டிகிரிக்கு மேல் கொதிப்பவை. டிஇஎச்பியின் கொதிநிலை 385 டிகிரியை ஒட்டியது. அதற்குச் சொல்லும்படியான வாசமே இல்லை. ஆக, மூக்கு அறிவது ஒரு கூட்டத்தை, கண் காண்பது இன்னொரு கூட்டத்தை. முதல் கூட்டம் கலைந்தது என்பது இரண்டாவதைப் பற்றி எதையும் சொல்லாது.

இலகு சேர்மங்கள் விரைவாகக் குறைகின்றன என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. ஜப்பானில் ஒரு புதுக் காரை மூன்றாண்டுகள் தொடர்ந்து அளந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, 160-க்கும் மேற்பட்ட சேர்மங்களை அடையாளம் கண்டது. டெலிவரிக்கு மறுநாள் மிக உயர்ந்திருந்த அளவு மாதங்கள் செல்லச் செல்ல வீழ்ந்தது. கோடையில் மட்டும் திரும்ப ஏறியது. படலத்தின் கதை வேறு. விர்ஜினியா டெக்கில் யிங் ஷூவும் ஜான் லிட்டிலும் 2006-இல் வைத்த கணிப்பின்படி, பிவிசித் தரையிலிருந்து டிஇஎச்பி வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதல்ல. மேலே காற்று எவ்வளவு ஓடுகிறது, சுற்றியுள்ள பரப்புகள் எவ்வளவு இழுத்துக்கொள்கின்றன என்பதே. உள்ளிருப்பு அவ்வளவு பெரியது.

ஓர் உதாரணக் கணக்கு இதை விளங்கவைக்கும். முன்கண்ணாடியின் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றும், படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் என்றும் கொள்வோம். மொத்தப் படலத்தின் எடை சுமார் 0.15 கிராம்தான். ஒரு கிலோ ரெக்சினில் 300 கிராம் பிளாஸ்டிசைசர் இருந்தால், அது இரண்டாயிரம் முறை அந்தக் கண்ணாடியை மறைக்கப் போதும். இருப்புத் தீர்ந்து படலம் நிற்கும் என்று காத்திருப்பவர் வண்டியை விற்றுவிடுவார், இருப்புத் தீராது.

அப்படியானால் முதல் சில மாதங்களில் அதிகமாகவும் பின்பு குறைவாகவும் படிகிறது என்ற பரவலான அனுபவம் பொய்யா? பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. அச்சுக்குத் தடவிய எண்ணெய், ஃபோமில் எஞ்சிய வினையூக்கி, சிறு வளைய வடிவச் சிலிகோன் மூலக்கூறுகள் போன்றவற்றுக்கு இருப்பு குறைவு. அவை சில மாதங்களில் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது பிளாஸ்டிசைசரின் மெல்லிய, நீண்ட வால். தொடக்கக்காலப் படலமும் பின்னாள் படலமும் ஒரே பொருளால் ஆனவை அல்ல என்ற இந்த விளக்கம் இரு தரப்புச் சான்றுகளோடும் ஒத்துப்போகிறது. முடிந்த முடிவாகக் கொள்ள, ஒரே வண்டியின் கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் துடைத்தெடுத்து ஆராய்ந்த தரவுகள் வேண்டும்.

"வெயிலில் வைத்து வாட்டினால் எல்லாம் கிளம்பிப் போய்விடும்" என்ற யோசனையும் இங்கேதான் தடுமாறுகிறது. 1980-களில் கலிஃபோர்னியாவில் புதிய கட்டடங்களைச் சூடாக்கிக் காற்றோட்டம் விடும் முறை சோதிக்கப்பட்டது. பலன் இடத்துக்கு இடம் மாறியது. ஃபோர்டு நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுக் காப்புரிமை விண்ணப்பம், காரே வெயிலைத் தேடிப் போய் நின்று, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை ஓடவிட்டு வாசத்தை வெளியேற்றும் திட்டத்தை விவரித்தது. வாசத்துக்கு இது உதவலாம். சன்னலை மூடி வாட்டினால் கனமான சேர்மங்கள் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் உட்காரும், அவ்வளவுதான். அந்த இன்னோரிடம் பெரும்பாலும் முன்கண்ணாடி.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் இதைக் கூட்டுகிறது. இருக்கைகளுக்கும் கதவுப் பலகைகளுக்கும் தொழிற்சாலையில் சுற்றிய பாலித்தீன் உறையை மாதக்கணக்கில் பிரிக்காமல் வைப்பவர்கள் ஏராளம். ஃபோமிலும் பசையிலும் இருந்து தொடக்கத்தில் வெளியேறி ஓய்ந்திருக்க வேண்டியதை உறை பிடித்து வைத்துக்கொள்கிறது. வண்டி புதுசாகவே இருக்கட்டும் என்று நினைத்தால், அதன் ஆவியும் புதுசாகவே இருக்கும்.

உடம்புக்கு என்ன?

இதில் இரு முனைகளிலும் மிகைப்பேச்சு உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு புதுக் காரையும் மூன்றாண்டுப் பழைய காரையும் விளக்குகளால் 65 டிகிரி வரை சூடாக்கி உட்காற்றைச் சோதித்தார்கள். ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் புதியதில் கன மீட்டருக்கு 10.9 மில்லிகிராம், பழையதில் 1.2. செல்களின்மேல் நடத்திய சோதனையில் வெளிப்படையான நச்சுத்தன்மை தெரியவில்லை. ஒவ்வாமை எதிர்வினையைப் புதுக் கார்க் காற்று சற்றே தூண்டியது. இதை வைத்துப் "பயமில்லை" என்று ஒரு கட்சி எழுந்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியில் நின்ற புதுக் காரின் காற்றில் ஃபார்மால்டிஹைடு சீன வரம்பைவிட 34.9 சதவீதம் கூடியிருந்தது, அசிட்டால்டிஹைடு 60.5 சதவீதம். மறு கட்சிக்கு இது ஆயுதம்.

இரண்டும் காற்றைப் பற்றியவை, படலத்தைப் பற்றியவை அல்ல என்பதை இரு கட்சியும் மறந்துவிடுகின்றன. சட்டங்களிலும் இதே சாய்வு தெரிகிறது. சீனாவின் 2011 வழிகாட்டி எட்டுப் பொருள்களுக்கு வரம்பு வைத்தது. பென்சீன், டொலுவீன், ஃபார்மால்டிஹைடு என எட்டுமே இலகு சேர்மங்கள். ஜப்பான் கார் உற்பத்தியாளர்கள் பின்பற்றும் 13 பொருள் பட்டியல் மாறானது. அதில் இரண்டு பிளாஸ்டிசைசர்களும் உண்டு. ஐரோப்பாவில் டிஇஎச்பி உள்ளிட்ட நான்கு தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்களுக்கு 2020 முதல் கட்டுப்பாடு விரிவடைந்தது. அதன் அடிப்படைக் கவலை இனப்பெருக்க நலன் குறித்தது.

கனமான சேர்மங்கள் காருக்குள் புழங்குவதற்கு வலுவான சான்று 2024-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 101 கார்களின் இருக்கைகளிலும் காற்றிலும் தேடியபோது, 99 சதவீத வண்டிகளில் டிசிஐபிபி என்ற தீத்தடுப்பு ரசாயனம் தென்பட்டது. கோடையில் அளவு கூடியது. ஆனால் கண்ணாடியில் உள்ள 0.15 கிராமைவிட, கையில் ஒட்டும் தூசியும் தோல்வழி உறிஞ்சுதலும் மூச்சும்தான் உடலுக்கான வழிகள். படலத்தை விஷப் பூச்சாகப் பார்க்க ஆதாரம் போதாது. வண்டிக்குள் இத்தகைய சேர்மங்கள் உலவுகின்றன என்பதற்குக் கண்முன் நிற்கும் அடையாளமாகப் பார்ப்பது பொருத்தம். உடனடி ஆபத்து பார்வைக்குத்தான். படலம் ஒட்டிய கண்ணாடியில் ஈரம் பரவாமல் துளித்துளியாக நிற்கும் என்பதால், மழைநாளில் உட்புறம் பனிப்பதும் கூடுதலாகிறது.

எல்லாப் பழியும் பிளாஸ்டிக்குக்கு அல்ல

புது வண்டி என்றாலே ஆவிப்படலம் என்று முடிவு கட்டுவதும் பிழை. ஷோரூமில் பளபளப்புக்காகத் தடவிய சிலிகோன் பாலிஷ், சிகரெட் புகை, வாசனைத் திரவப் புட்டி, டேஷ்போர்டில் கொளுத்தி வைத்த ஊதுவத்தி, முன்னால் போகும் லாரியின் புகை எல்லாமே கண்ணாடியில் எண்ணெய் பூசும். ஹீட்டருக்குள் கூலன்ட் கசிந்தாலும் பிசுபிசுப்பான படலம் வரும். அப்போது இனிப்பு வாடை அடிக்கும், கூலன்ட் அளவும் இறங்கும். அது துடைத்துத் தீரும் விஷயமல்ல, மெக்கானிக்கிடம் போக வேண்டியது.

துடைப்பதில் உள்ள கட்சிகள்

இந்தத் துறையில் ஆய்வுத்தாள்கள் குறைவு, உறுதிப்பாடு அதிகம். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் என்பார் ஒருவர், வினிகர் என்பார் இன்னொருவர், நனைத்த செய்தித்தாள் என்பார் மூன்றாமவர். படலத்தின் தன்மையிலிருந்து தொடங்கினால் வழக்கு எளிதாகிறது. அது நீரில் கரையாத எண்ணெய். வெறும் நீரும் வினிகரும் கொழுப்பைக் கரைப்பதில்லை. படலத்தை நகர்த்தி வேறிடத்தில் பூசுகின்றன. கோடு விழுவது அதனால்தான். செய்தித்தாள் உரசலால் கொஞ்சம் எடுக்கும், பின்னர் மையைக் கண்ணாடி ஓரத்து ரப்பரில் விட்டுவரும். அமோனியா கொழுப்பைத் தளர்த்தும்; ஆனால் நெடி மூடிய வண்டிக்குள் தாங்காது, ஒட்டிய சன் ஃபிலிமையும் கெடுக்கும்.

இரண்டு கட்டமாகச் செய்வதற்கே நியாயம் கூடுதல். முதலில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. சோப்பு எண்ணெயைப் பற்றித் தூக்கிவிடும். அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவில் கலந்து வேறொரு துணியில் நனைத்துத் துடைத்தால், சோப்பு எச்சமும் மிச்ச எண்ணெயும் போகும். கடைசியில் உலர்ந்த துணி. துணியை அடிக்கடி மடிப்பு மாற்ற வேண்டும். ஒரே மடிப்பால் துடைப்பது எடுத்ததைத் திரும்பப் பூசுவதே. ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் கதவுகளைத் திறந்து வைத்து, இன்ஜின் அணைந்திருக்கும்போது செய்யவும். தொடுதிரையிலும் மீட்டரின் பிளாஸ்டிக் மூடியிலும் படவிடாதீர்கள். பின்கண்ணாடியின் ஹீட்டர் கம்பிகளைக் குறுக்கே தேய்க்காமல் அவற்றின் போக்கிலேயே துடைக்கவும்.

டேஷ்போர்டை நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பதும் உதவும். கண்ணாடி பளிச்சென்று இருக்கவேண்டுமானால் டேஷ்போர்டு மேல் பளபளப்பு ஸ்ப்ரே கூடாது. ஏறியதும் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓட்டி, ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் தொடங்கி, பிறகு ரீசர்குலேஷனுக்கு மாறுவது நல்லது. இவை எதுவும் மூலத்தை அகற்றாது. திரும்ப வரும் இடைவெளியை நீட்டும்.

இன்னும் தீராதவை

சோதனைத் தகடு 21 டிகிரியில் இருக்கிறது. சென்னையில் மே மாத இரவில் கண்ணாடி அந்த அளவுக்குத் தானாகக் குளிராது. ஏசியின் குளிர்காற்று படும் இடத்தில் மட்டும் குளிரும். 2003 மே 31-இல் 45 டிகிரியைத் தொட்ட நகரத்தின் காருக்கும், ஜெர்மன் தொழிற்சாலையின் குவளைக்கும் இடையே எந்தச் சமன்பாடு பொருந்தும்? பகல் சூடு இங்கே கூடுதல் என்பதால் ஆவி கூடும். இரவுக் குளிர்ச்சி குறைவு என்பதால் படிவு குறையலாம். ஏசி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கலாம். மூன்றும் சேர்ந்து என்ன விளைவைத் தரும் என்பதைக் கோட்பாட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. பெரிய மூலக்கூறு கொண்ட புதிய பிளாஸ்டிசைசர்கள் படலத்தைக் குறைத்தன என்றால், அவை தூசியில் எவ்வளவு சேர்கின்றன என்பதும் பதில் வேண்டி நிற்கும் கேள்வி. எடைக் கணக்கைவிட ஒளிச்சிதறலை அளவுகோலாக்க வேண்டுமா என்ற பழைய வழக்கும் முடியவில்லை. ஓட்டுநரின் பக்கம் நின்று பார்த்தால் சிதறலுக்கே தீர்ப்பு.

பாகங்களின் ஆவிப்படிவு அளவுகளுக்குக் கார் நிறுவனங்கள் தங்களுக்கென வரம்புகள் வைத்திருக்கின்றன. உதிரிபாகம் தருபவர்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டே பொருளைத் தருகிறார்கள். மைலேஜையும் விபத்துச் சோதனை மதிப்பெண்ணையும் விளம்பரத்தில் தரும் நிறுவனங்கள் இந்த எண்களையும் வாங்குபவருக்குத் தரலாம். அதுவரை, புது வண்டியில் முதல் இரவுப் பயணம் கிளம்பும் முன் உட்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்.